ஆல்தோவும் பட்டும்

அஞ்சல்வழி ஆங்கிலப் பாடம் நடத்தும் அலுவலகத்தின் நாலாவது மாடியில் அவள் விடைத்தாள் திருத்தினாள். 'என்றாலும்' என்ற பொருளில் 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில், 'ஆனால்' என்று 'பட்'டும் வந்தால் அவளுக்குப் பொறுக்காது. "ஒரே உறைக்குள்ள ரெண்டு கத்தியா?" என்று முணுமுணுத்தபடி சிவப்பு மையால் அடித்துவிடுவாள்.

நூற்றுப் பதினேழாம் எண் மாணவர் அந்தத் தப்பை விடுவதாக இல்லை. முதல் தாளில், லிப்டைப் பழுதுபார்த்துவிட்டார்கள் என்றாலும் ஆனால் அது நடுங்குகிறது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். 'பட்'டை அடித்தாள். மதியம் கீழே இறங்கும்போது லிப்ட் நடுங்கியது.

அடுத்த தாளில், பழுப்புக் குடைக்காரிக்குப் பயம் என்றாலும் ஆனால் அவள் லிப்டில்தான் போகிறாள் என்றிருந்தது.

அவளுடைய பழுப்புக் குடை நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த மாணவர் யார் என்று அவள் கேட்டதும் எதிர் மேசைக்காரர் பதிவேட்டைப் புரட்டினார். யாரையாவது நக்கலடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அன்று மட்டும் சிரிப்பில்லை.

"பேரு இல்லம்மா. முகவரி நம்ம கட்டடம்தான். அஞ்சாவது மாடி."

"நமக்கு மேல மொட்டை மாடிதானே சார்?"

"லிப்ட் மோட்டார் அறை இருக்கு. பூட்டியே கிடக்கு."

மூன்றாவது தாள் ஒரு காலையில் அவள் மேசைமேல் கிடந்தது. ஒரே வரி: கயிறு அறுந்தது என்றாலும் ஆனால். அதோடு நின்றிருந்தது.

'பட்'டை அடிக்கக் கை வரவில்லை. மிச்ச இடத்தில் 'உள்ளே யாரும் இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டு வெளியே ஓடினாள்.

எதிர் மேசைக்காரர் ஒரு காலை லிப்டுக்குள் வைத்திருந்தார். சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"என்னம்மா இது? எம் பொண்டாட்டிகூட இப்படி இழுத்ததில்ல!"

கதவு மூடிக்கொண்டது. வெறும் லிப்ட் நாலு மாடியும் விழுந்த சத்தத்தில் காலடியில் தரை அதிர்ந்தது. அவர் அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். அவள் மூன்றாவது தாளைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

"அந்தத் தாளுக்குப் பத்துக்குப் பத்து போட்டுடும்மா" என்றார் கடைசியில்.

போட்டாள். இருவரும் படியேறி மேலே போனார்கள். மோட்டார் அறைப் பூட்டில் துரு ஏறியிருந்தது. வாசல் தூசியில் ஒரு காலடிகூட இல்லை. கதவுக்கு அடியில் தாளைப் பாதிவரை தள்ளினாள்.

மீதியை உள்ளிருந்து யாரோ இழுத்துக்கொண்டார்கள்.