கல்யாணத்துக்கு ஒரு சக்கர நாற்காலி

"இந்த இடுப்பு வியாதி பொண்ணுக்கும் வருமா?"

மாப்பிள்ளையின் அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டாள். பெண்ணைப் பெற்ற வாத்தியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் அவிழ்த்துவிட்ட பொய் இப்படித் திரும்பிவந்து கடிக்கும் என்று அவர் நினைக்கவில்லை. ஒட்டுக்கேட்கிற பழக்கம் எங்கள் தெருவுக்குக் கிடையாது. மாடிகள் அத்தனை நெருக்கம், கண்ணிலும் காதிலும் விழுந்து தொலைக்கிறது.

வியாதியும் இல்லை, ஒன்றும் இல்லை. வாத்தியார் மனைவி நடைப்போட்டி வீராங்கனை. நாற்பத்து நாலு வயதிலும் தேசிய அணியில் இருக்கிறாள். கூட நடக்கிற பெண்களில் பாதிப் பேருக்கு அவள் மகளின் வயதுதான். அந்தப் போட்டியில் ஓடக் கூடாது. எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், முன்னே வைக்கிற கால் முட்டியில் மடங்கக் கூடாது. அப்படி விரைந்து நடந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடத்தானே செய்யும்? அவள் பயிற்சிக்குக் கிளம்பினால் போதும், மாடிக்கு மாடி ஆள் கூடிவிடும். பல் தேய்த்துக்கொண்டே சிரிப்போம். அவளுக்கு நாங்கள் வைத்த பேர் வாத்து. வாத்துக்கு ஏற்ற வாத்தியார் என்று அவரையும் விட்டுவைக்கவில்லை.

அதே அணியில், நாற்பத்தாறு வயதில் வட்டு எறிகிற மனுஷர் ஒருவர் இருக்கிறார். அவர் படம் எங்கள் சலூன் சுவரில் தொங்குகிறது. அவருக்கு நாங்கள் வைத்த பேர் கிழச்சிங்கம்.

மகளுக்குச் சம்பந்தம் கூடிவந்ததும், தெருவின் சிரிப்பு மாப்பிள்ளை வீட்டுக்கும் எட்டிவிடுமென்று வாத்தியார் பயந்துபோனார். மனைவிக்கு இடுப்பில் வாதம், அதனால்தான் நடை கோணல் என்று சொல்லிவைத்தார். மகளும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

உள்ளேயே இரு என்று வாத்தியார் சொல்லிவைத்திருந்த மனைவி இப்போது கூடத்துக்கு வந்துவிட்டாள். பயிற்சி உடையில்.

"எனக்கு ஒரு வியாதியும் இல்லைங்க. நடைப்போட்டிக்குப் போறவ நான். அடுத்த மாசம் உலகப் போட்டி இருக்கு."

மாப்பிள்ளையின் அம்மா அந்த அரைக்கால் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

"வியாதின்னாக்கூட மருந்து இருக்கு. இதை நான் எங்க ஆளுங்ககிட்ட என்னன்னு சொல்வேன்?"

மாப்பிள்ளை கைப்பேசியில் எதையோ மும்முரமாகத் தேடினான்.

"சரி அண்ணா, ஒண்ணு செய்யலாம்" என்று வாத்தியாரிடம் மாப்பிள்ளையின் அம்மாவே வழியும் சொன்னாள். "நீங்க சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். கல்யாணத்தன்னிக்கு அண்ணியை ஒரு சக்கர நாற்காலியில உட்கார வச்சிடுங்க. அப்புறம் இந்தப் போட்டி கீட்டியெல்லாம் விட்டுடட்டும். எங்களுக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

பெருந்தன்மைதான்!

"தாராளமா! நாற்காலி வாடகைக்கே கிடைக்கும்" என்றார் வாத்தியார். போன உயிர் அவருக்குத் திரும்பி வந்திருந்தது.

மனைவி அவரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள்.

"நீ என்னடி சொல்றே?"

"ஒரு நாள்தானேம்மா" என்றாள் மகள், தரையைப் பார்த்துக்கொண்டு. "யாரும் சிரிக்காம இருந்தா போதும். சின்ன வயசுலேருந்து சிரிப்பு கேட்டுக் கேட்டு எனக்கு வெறுத்துப்போச்சும்மா."



"சரி. உனக்காக உட்கார்றேன். போட்டியையும் விட்டுடறேன்" என்றாள் அம்மா. குரலில் கோபமே இல்லை. "நாற்காலியை யாரு தள்ளுவா? நீ தள்ளுவியா?"

மகளுக்கு முகம் கழுத்துவரை சிவந்துபோயிற்று. நல்ல கால்கள் இரண்டையும் மடக்கி உட்கார்ந்திருக்கும் அம்மாவை, ஊர் பார்க்க, தானே தள்ளிக்கொண்டு போவது அவள் கண்ணுக்குள் ஓடியிருக்க வேண்டும்.

"நாற்காலி வேண்டாம் அத்தை" என்றாள் கடைசியில். "அம்மா நடந்துதான் வருவாங்க. போட்டிக்கும் போவாங்க. உங்களுக்கு ரொம்பக் கூச்சமா இருந்தா, அந்த நாற்காலியில நீங்க உட்கார்ந்துக்குங்க."

"ஏய்!" என்று வாத்தியார் அலறினார். அதற்குள் வந்தவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார்கள்.

மகள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு தட்டிக்கொடுத்தலையாவது எதிர்பார்த்திருப்பாள்.

"இதைச் சொல்ல இத்தனை வருஷமாச்சா உனக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மா பயிற்சிக்குக் கிளம்பினாள்.

தெருமுனை வரைக்கும் அந்த இடுப்பு எப்போதும்போல ஆடிக்கொண்டே போயிற்று. மாடிகளில் நின்ற எங்களுக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.