அங்காளம்மாளுக்கு ஒரு விசில்

செம்பாக்கத்தில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் சம்பந்தம் மத்தியானம் தூங்கினால், அவர் காணும் கனவு எதிர்வீட்டுச் சுவரில் கறுப்பு வெள்ளையில் ஓடும். இரண்டே முக்காலுக்குத் தொடங்கி மூன்றே காலுக்கு முடியும். நடுவில் இடைவேளையும் உண்டு, அப்போது அவர் புரண்டு படுப்பார். எந்த வெயிலிலும் படம் மங்காது. முதல் வாரம் நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. மூன்றாம் வருடம் கேளம்பாக்கத்திலிருந்து வேன் வைத்து வந்தார்கள். எல்லாம் பழைய படங்களைப் போலவே இருக்கும்: வளைந்த மாடிப்படி, காற்றில்லாமல் ஆடும் திரைச்சீலை, புகைக்குள்ளிருந்து வரும் ரயில். அந்த ரயில் தாம்பரத்தில் நிற்காமல் போனதைக் கண்டித்து மூன்று பேர் மனு எழுதினார்கள்.

சம்பந்தத்துக்கு மட்டும் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. விழித்தால் சுவர் வெறும் சுவர். கண்ட கனவும் நினைவில் நிற்காது. மனைவி அங்காளம்மாள் இறந்த மறுவருடம் பெருமழையில் ஏரி வீட்டுக்குள் வந்து அவளுடைய எல்லாப் புகைப்படங்களையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. ஊரில் பாதிப் பேரை வரைந்த கைக்கு அவள் முகம் பிடிபடவில்லை. கம்மல் வரும், கொண்டை வரும், நடுவில் வெள்ளைத் தாள். அந்த அங்காளம்மாள்தான் தினமும் கடைசி ரீலில் மாடிப்படி இறங்கி வந்தாள். “பழைய படத்துல முகத்துக்கு லைட் போட்டாங்க, இப்ப முகத்தைத் தவிர எல்லாத்துக்கும் போடுறாங்க” என்பது சம்பந்தத்தின் கட்சி. அவள் முகத்தில் விழுந்த வெளிச்சத்தில் தெருவே துணி காயவைத்தது.

நாயகி வந்தால் விசில் அடிப்பது எங்கள் பக்கம் மூச்சுவிடுவது போல. எதிர்வீட்டுத் தையல்காரர் ஹாஜா மைதீனின் விசில் இரும்புலியூர் வரை கேட்கும். அவள் முகத்தை நிமிர்த்துவாள், அவர் அடிப்பார், சம்பந்தம் விழிப்பார், சுவர் வெளுத்துவிடும்.

“பாய், ஒரே ஒருநாள் வாயை மூடிக்கினு, அவ முகத்தை அப்டியே சுவத்துல வரைஞ்சு குடுங்களேன்” என்று சம்பந்தம் கெஞ்சினார்.

“அக்கா என்ட்ரிக்கு விசில் அடிக்காம எப்டி சார்?”

“அடிச்சுப் பாரு, அப்புறம் வூட்ல சோறு கேளு” என்று ஹாஜா மைதீனின் மனைவி சித்திகா அளவு நாடாவைச் சுருட்டி அவர் வாயில் திணித்தாள்.

அன்று முந்நூறு பேர் மூச்சை அடக்கினார்கள். அதில் ஏரியின் நீர்மட்டம் அரை அடி ஏறியது என்பது மிகை, கால் அடிதான். ஹாஜா மைதீன் நாடாவைக் கடித்தபடி, கண்ணில் நீர் வழிய, துணியில் குறி போடும் நீலச் சாக்கட்டியால் வரைந்தார். ஒரு கோட்டையும் அழிக்கவில்லை.

சம்பந்தம் விழித்தெழுந்து வெறுங்காலோடு தெருவைக் கடந்தார். ஒரு கண்ணை மூடி, கட்டை விரலை நீட்டி முகத்தை அளந்தார்.

“மூக்கு கொஞ்சம் பெருசாயிடுச்சு பாய்.”

“அக்கா மூக்கே அப்டித்தான் சார்” என்றாள் சித்திகா. “நீங்கதான் நாப்பது வருஷமா சின்னதா பாத்துகினு இருந்திருக்கீங்க.”

சம்பந்தம் ஹாஜா மைதீனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக, இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். காற்றுதான் வந்தது. அதற்கே சுவரிலிருந்தவள் வெட்கப்பட்டுத் தலையைச் சாய்த்தாள்.

இன்றும் சாய்த்தபடிதான் இருக்கிறாள். ஆறு மழைக்காலம் போயும் சாக்கட்டி அழியவில்லை. சம்பந்தம் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டார். படம் நின்றுபோனதற்கு யாரும் மனு எழுதவில்லை. வெள்ளையடிக்க வருபவர் அவளைச் சுற்றி அடித்துவிட்டுப் போகிறார். தண்ணீர் லாரி அந்த இடத்தில் மட்டும் இரண்டு தடவை ஹாரன் அடிக்கிறது.