பின் அடித்த பக்கங்கள்

என் அண்ணன் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தான். அவன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு குட்டி ஸ்டேப்ளர் இருக்கும். கதைகளில் வரும் சாவுகளை எனக்காக அவன் அதைக் கொண்டுதான் மூடினான்.

அது என் ஒன்பது வயதில் தொடங்கியது. ஐந்து பாகங்கள் கொண்ட ஒரு கதை. வடக்கே எங்கோ குளிர்ந்த கடலோரம். கலங்கரை விளக்கம் காக்கிறவரின் மகள், பதினான்கு வயதுக்காரி. அவளுக்குச் சாம்பல் என்றொரு குதிரை. ஏதோ ஒரு மொழியில் எழுதப்பட்டு, இன்னொன்றுக்குள் புகுந்து, அங்கிருந்து தமிழுக்கு வந்த கதை. முதல் பாகத்தை அண்ணன் பழைய புத்தகக் கடையிலிருந்து கொண்டுவந்தான். அதில் விளக்குக்காரரின் நாய் செத்துப்போனது. நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"புஸ்தகத்துல செத்த நாய்க்கு நம்ம வீட்ல எதுக்குடி துக்கம்?" என்றாள் அம்மா. "சோறு ஆறிப் போகுது, எழுந்து வா."

இரண்டாம் பாகம் என் கைக்கு வந்தபோது நடுவில் சில தாள்கள் ஒன்றாகச் சேர்ந்து அட்டைபோல் தடித்திருந்தன. ஓரத்தில் மேலே, நடுவில், கீழே என மூன்று பின்கள். அதன்மேல், வீணாய்ப்போன நகல் தாளில் கிழித்து ஒட்டிய ஒரு துண்டுச் சீட்டு. அண்ணன் கையெழுத்தில், "இங்கே நல்ல மழை. எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். 114ஆம் பக்கத்துக்கு வா" என்று இருந்தது.

"என்னண்ணா இது?"

"அங்க ஒருத்தர் போய்ட்டார். உனக்கு வேண்டாம். பின் அடிச்சிருந்தா பிரிக்கக் கூடாது. சரியா புழு?"

புத்தகப் புழு என்பதைச் சுருக்கி அவன் எனக்கு வைத்த பெயர் அது. சரி என்றேன். அதன்பிறகு எந்தப் புத்தகமானாலும் அவன் முதலில் படிப்பான், பிறகுதான் நான். ஆறு வருஷத்தில் ஒரு பின்னைக்கூட நான் பிரித்ததில்லை.

மூன்றாம் பாகத்தில் சாம்பல் இருந்த இடத்தில் ஒரு சீட்டு இருந்தது: "சாம்பல் மலைக்கு மேயப் போயிருக்கிறது." நான்காம் பாகம் முழுக்கத் தேடியும் குதிரை வரவே இல்லை.

"எங்கண்ணா சாம்பல்?"

"லீவுல இருக்கு."

"ஒரு புஸ்தகம் முழுக்கவா?"

"அதுக்கு லீவு நிறைய மிச்சம் இருந்துச்சு. நம்ம அம்மா மாதிரி இல்ல."

எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பிரிக்காதவரை குதிரை மலையில் மேய்ந்துகொண்டிருந்தது. வகுப்பில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்த மலையை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தக் கதைகளில் என் வயதுக்காரர்கள் புயலில் படகைத் திருப்பினார்கள், பெரியவர்களிடம் பொய் சொல்லி ஊரைக் காப்பாற்றினார்கள். எங்கள் வீட்டில் நான் முடிவு செய்ய எதுவும் இருந்ததில்லை. யாராவது ஒருநாள் என்னிடமும் ஒரு பெரிய விஷயத்தைக் கேட்பார்கள், நானும் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்வேன் என்று நினைத்துக்கொள்வேன்.

கேட்டார்கள். எனக்குப் பதினைந்து வயது, அண்ணனுக்கு இருபத்துமூன்று. அவனுக்கு ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒருநாள் பெரிய டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அன்று சாயங்காலம் நான் பார்க்கப் போனபோது, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக் கொடுத்தான்.

"ரிப்போர்ட். அம்மா கேட்டா படிச்சுச் சொல்லு."

பஸ்ஸில் வரும்போது திறந்தேன். எட்டுத் தாள்கள். கடைசி இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. மேலே, நடுவில், கீழே என்று மூன்று பின்கள். துண்டுச் சீட்டு மட்டும் இல்லை.

விரல் அந்த நடுப் பின்னைத் தடவியது. பிறகு ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூலைக் கத்தரித்து, கோணல் தையலைப் பிரித்தனுப்புகிற வேலை. நூல் வெட்டும் சின்னக் கத்தரி வீட்டிலும் அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கும். அன்று வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"என்ன போட்டிருக்கு? உள்ளது உள்ளபடி சொல்லு. மொத்தமே பத்து நாள் லீவுதான் இருக்கு. சூப்பர்வைசர் எப்ப வேணும்னு கேட்டு உயிரை எடுக்கிறாரு. இப்பவே போட்டுட்டு அவன்கூடப் போய் உக்காரவா, இல்ல அவன் வீட்டுக்கு வந்தப்புறம் பாத்துக்கப் போடவா?"

டாக்டர்களின் எழுத்து அம்மாவுக்குப் படிக்க வராது. நான் ஆறு தாள்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். மருந்துப் பெயர்கள், அணுக்களின் எண்ணிக்கை, போன மாதத்தைவிடக் காய்ச்சல் குறைவு.

"கடைசில என்ன ஒட்டிக் கிடக்கு?"

"அது... பழைய டெஸ்ட்டுமா. தேவையில்லாதது."

"அப்ப எப்ப லீவு போட?"

சுவரில் அண்ணனின் வேலைச் சட்டை தொங்கியது. பையில் மை பட்டிருந்தது.

"அவன் வீட்டுக்கு வந்ததும் போடும்மா," என்றேன்.

அம்மாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். "அதான் சரி," என்றபடி அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அண்ணன் கட்டிலில் சாய்ந்து ஐந்தாம் பாகத்தைப் படித்துக்கொண்டிருந்தான். எத்தனையோ மாதம் காத்திருந்து வந்த கடைசிப் பாகம். நர்ஸ் அக்கா ஊசியோடு வந்து, படுக்கையில் கிடந்த ஸ்டேப்ளரைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள்.

"தம்பி, இது வார்டா, ஆபீஸா?"

"ஓவர்டைம் பாக்கிறேன்கா. முதலாளி அந்தா நிக்கிறா பாருங்க," என்று என்னைக் காட்டினான்.

அவள் சிரித்துக்கொண்டே போன பிறகு, "ரிப்போர்ட் படிச்சியா?" என்றான்.

"படிச்சேன்."

"முழுசாவா?"

"பின் அடிக்காத வரைக்கும்."

அவன் என்னையே பார்த்தான். திட்டப் போகிறானோ என்று தோன்றியது. திட்டவில்லை.

"அம்மா எப்ப லீவு போடறாங்க?"

"நீ வீட்டுக்கு வந்ததும்."

புத்தகத்தின் ஒரு தாளைத் திருப்பினான். அதைப் படிக்காமலே திரும்பவும் முன்பக்கத்துக்கு வந்தான்.

"கொஞ்சம் முன்னாடியே போடச் சொல்லேன். சும்மாதான். இங்க ஒரே போர் அடிக்குது."

"சொல்றேன்."

அன்று ராத்திரி அம்மா வீக்கம் கண்ட கால்களை வெந்நீரில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்றேன். முன்னாடியே போடு என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் அந்த இரண்டு தாளையும் பிரிக்க வேண்டும். பிரித்தால் மலையில் குதிரை இருக்காது. நான் துண்டை எடுத்து நீட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

அதிலிருந்து நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி சுமாருக்கு அண்ணன் போய்விட்டான். அம்மாவின் தொழிற்சாலையில் போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாப்பாட்டு மணி அடித்துப் போனை எடுத்தபோது அதில் ஒன்பது அழைப்புகள் இருந்தன. அவன் போன நேரம் எனக்குப் புவியியல் வகுப்பு. நர்ஸ் அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். அவளே வார்டு வாசலில் நின்று எங்களிடம் சொன்னாள்.

பத்து நாள் லீவை அம்மா கேட்காமலே கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, அம்மா ஃபைலை எடுத்துவந்து என் முன்னால் போட்டாள். கழுத்திலிருந்து கத்தரியைக் கழற்றினாள். பிரி என்று என்னிடம் சொல்லவில்லை. தையல் பிரிப்பதுபோல முனையைக் கொடுத்து, மூன்று பின்னையும் அவளே நெம்பி எடுத்தாள்.

"படி."

படித்தேன். மருந்து இனிக் கேட்காது. மாதக்கணக்கில் இல்லை, வாரக்கணக்கில்தான். வீட்டார் உடன் இருப்பது நல்லது.

"இதை நீ அன்னிக்குப் படிக்கலயா?"

"இல்லம்மா."

"பழைய டெஸ்ட்டுன்னு சொன்ன."

"அவன் பின் அடிச்சிருந்தான்மா. பின் அடிச்சா பிரிக்கக் கூடாது. பிரிக்கலைன்னாலும் தெரியும்மா... அவன் எதுக்குப் பின் அடிப்பான்னு எனக்குத் தெரியும். உன்னை முன்னாடியே வரச் சொல்லுன்னான். நான்தான் சொல்லல."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா மூன்று பின்னையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் செவ்வாய்க்கிழமை நான் எண்பது சட்டை பாத்தேன்டி," என்றாள்.

அதன்பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், தட்டை நகர்த்துவாள். அவ்வளவுதான். நான் ஐந்தாம் பாகத்தைத் திறந்து பார்த்தேன். தொண்ணூற்றாறாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட் அடையாளத்துக்குச் செருகியிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு இடத்தில் பின். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. மூடி வைத்துவிட்டேன்.

லீவின் ஏழாம் நாள் சாயங்காலம் நான் பள்ளிவிட்டு வந்தபோது, அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஐந்து பாகங்களும் அடுக்கியிருந்தன. வாழ்நாளில் ஒரு புத்தகத்தைக்கூட அவள் பிரித்து நான் பார்த்ததில்லை.

"இதுல அவன் எதையெல்லாம் மூடி வெச்சான்?"

எடுத்துக் காட்டினேன். மூன்றாம் பாகம் தானாகவே அந்த இடத்தில் திறந்துகொண்டது. அம்மா கத்தரி முனையால் பின்களை நெம்பினாள், ஒரு தாளும் கிழியாமல். சீட்டை மட்டும் பதமாக உரித்து, முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

"படி. எதையும் விடாத."

படித்தேன். சாம்பல் மலைக்குப் போகவில்லை. பனி உறைந்த பாறையில் வழுக்கிக் கால் முறிந்து லாயத்தில் கிடந்தது. கால்நடை வைத்தியர் வந்து தலையை அசைத்துவிட்டுப் போனார். விளக்குக்காரரின் மகளை எல்லாரும் வீட்டுக்குள் போகச் சொன்னார்கள். அவள் போகவில்லை. வைக்கோலில் உட்கார்ந்து, குதிரையின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அது முதன்முதலில் அலையைப் பார்த்து மிரண்டு ஓடியதை அதற்கே கதையாகச் சொன்னாள். ஆறு பக்கம் அதேதான். குதிரையின் காது அவள் குரல் வந்த பக்கமாகத் திரும்பியதாம். ஜன்னல் வெளுக்கும்வரை அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

நான் நிறுத்தினேன்.

"கடைசி வரைக்கும் கூடவே இருந்தாளா?" என்றாள் அம்மா.

"இருந்தாம்மா."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். மைக் கறை பட்ட சட்டை இன்னும் அங்கேதான் தொங்கியது. திரும்பாமலே சொன்னாள்.

"இன்னொரு தடவை படி. அவ உள்ள போக மாட்டேன்னு சொல்ற எடத்துலேர்ந்து."