எல்லாருக்கும் ஒரே லைன்

விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் சாலையில், ஒரு மருந்துக்கடை மாடியில் இளமதி பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். ஊருக்கு பிராட்பேண்டு வந்த புதிது. செல்போனில் படம் பார்த்துப் பேசலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். பிளைவுட் தடுப்புப் போட்ட கேபின்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், அதன் தலையில் ஒரு வெப்கேம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜன்னல் வழியே உள்ளே வருவது ஒரே ஒரு லைன். அந்த ஒற்றைக் கம்பி வழியாகத்தான் ஊரே உலகத்தோடு பேசுகிறது என்று நினைத்தால் அவளுக்கு ஒரு மாதிரி கிறக்கமாக இருக்கும். மதிய வெயிலில், ஃபேன் சத்தத்தில், அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கோ போய் கடலுக்கு அடியில் இறங்குகிறதாம். மீன்கள் அதை உரசிக்கொண்டு போகுமோ என்னவோ.

அவளுடைய கம்ப்யூட்டரில் மட்டும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருந்தது. ஒவ்வொரு கேபினுக்கும் ஒரு பச்சைப் பட்டை. மவுஸால் ஏற்றினால் அந்தக் கேபினுக்கு வேகம், இறக்கினால் ஆமை நடை. யாராவது ஒருத்தர் சினிமாவை இறக்கி மொத்த லைனையும் விழுங்கிவிடக் கூடாதே என்று, லைன் போட்டுக்கொடுத்தவர் சேர்த்துக் கொடுத்தது. நல்ல எண்ணத்தில் வந்த சாமான்தான்.

பொம்மைக் கம்பெனி மாணிக்கவேலுக்கு இந்தப் பட்டை விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. பீங்கான் பிள்ளையார், பீங்கான் யானை என்று வெளியூர் வியாபாரிகளுக்குப் படம் அனுப்புகிறவர் அவர். ஒரு கேபினை மட்டும் தனக்காக எப்போதும் வேகமாக வைத்திருந்தால் காசு கூடப் போட்டுத் தருவதாக நைசாகக் கேட்டார். இளமதிக்கு வந்ததே கோபம்.

“பொதுச் சூளையில உங்க பொம்மையும் அடுத்தவங்க பொம்மையும் வந்த வரிசையிலதானே உள்ள போவுது? இங்கயும் அப்படித்தாங்க. எல்லாருக்கும் ஒரே லைனு.”

மாணிக்கவேல் படியிறங்கினார். இளமதிக்குத் தன்னை நினைத்தே பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் நின்றது.

வெள்ளிக்கிழமை வளைகுடாவில் விடுமுறை. மங்கலம்பேட்டையிலிருந்து பெண்கள் பஸ் ஏறி வந்து, கேபின்களில் உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, திரைக்குள் வரப்போகும் முகங்களுக்காகக் காத்திருப்பார்கள். இளமதியின் கணவன் அன்பரசனும் வளைகுடாவில்தான் ஒரு கட்டடக் கம்பெனியில் இருந்தான். கம்மாபுரத்தில் இருந்த குடும்ப நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு, கல்யாணப் புடவையின் மடிப்புக் கலைவதற்குள் விமானம் ஏறியவன். அவன் முகம் வரும் நேரத்தில் இளமதி மற்ற பட்டைகளையெல்லாம் மெல்லக் கீழே இறக்குவாள், தன்னுடையதை மட்டும் உச்சியில் விட்டுவைப்பாள். அவன் சிரிப்பு தங்குதடையில்லாமல் ஓடி வரும். மற்ற கேபின்களில் புருஷன்மார்கள் கட்டம் கட்டமாக உடைந்துபோவார்கள். கேட்டால் லைன் வீக் என்பாள். திருட்டுத்தனம்தான், வேறென்ன.

அந்த வெள்ளிக்கிழமை அவள் காலையிலிருந்தே தரையில் இல்லை. அன்பரசனின் ஒப்பந்தம் முடிகிறது. திரும்பி வருவதா, இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா என்று அன்றைக்குப் பேசியாக வேண்டும். வரவேண்டும் என்றுதான் அவள் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அங்கே சந்தோஷமாக இருக்கிறவனைத் தன் ஆசைக்காக இழுத்துவருவது நியாயமா என்றும் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம் என்றிருந்தாள்.

வழக்கம்போல மற்ற பட்டைகளை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். முகம் வந்தது, சத்தம் வரவில்லை. இந்த நாட்டுப் போன் கம்பெனிக்காரன் இன்டர்நெட்டில் பேசுகிற பேச்சை அமுக்கிவிட்டான் என்று அன்பரசன் டைப் அடித்தான். எல்லாரும் ஓசியில் பேசினால் அவன் வியாபாரம் படுத்துவிடுமாம். படத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் நெருக்குகிறானாம். இளமதி அந்த முகம் தெரியாத ஆளை மனசாரத் திட்டினாள். யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்று உட்கார்ந்த இடத்தில் முடிவு கட்ட அவன் யார்?

அவள் திட்டி முடிப்பதற்குள் பக்கத்துக் கேபினிலிருந்து மங்கலம்பேட்டை ரஹ்மத்நிஷா எழுந்து வந்தாள். இடுப்பில் பிள்ளை.

“அக்கா, இவன் இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சிருக்கான். இவங்க அத்தா இன்னும் புள்ளைய நேர்ல பாத்ததே இல்ல. படம் அப்படியே நின்னுடுதுக்கா. இவன் நடக்கறது அங்க தெரியவே மாட்டேங்குது.”

லைன் வீக் என்று சொல்ல வாயெடுத்தவள் தன் திரையைப் பார்த்தாள். மவுஸ் இன்னும் அந்தப் பட்டைகளின் மேல்தான் இருந்தது. கடலுக்கு அப்பால் உட்கார்ந்திருந்த அந்தப் போன் கம்பெனிக்காரன் அவளுடைய நாற்காலியிலேயே, அவளுடைய புடவையையே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

நீ போய் நடக்கவிடு, இப்போது தெரியும் என்று அவளை அனுப்பிவிட்டு, எல்லாப் பட்டைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தாள்.

அன்பரசன் அதற்குள் டைப் அடித்திருந்தான். இங்கே ஒரு குறையும் இல்லை, ரூமில் ஏசி, சாப்பாடு பிரமாதம், கையெழுத்துப் போட்டுவிடவா? அதை அனுப்பிவிட்டு வழக்கம்போல ஒரு சிரிப்புச் சிரித்தான். சிரிப்பு முடிகிற இடத்தில் படம் நின்றுபோனது.

ரஹ்மத்நிஷா வெப்கேமை நடைபாதைப் பக்கம் திருப்பிவைத்தாள். பிள்ளை தடுப்பைப் பிடித்து, விட்டு, தள்ளாடித் தள்ளாடி நடந்தது. மற்ற பெண்கள் வந்து இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். திரையில் அதன் அத்தா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுத சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் எல்லாம் மெதுவாக, சத்தமில்லாமல் நடந்தது.

இளமதி தன் திரைக்குத் திரும்பினாள். அன்பரசன் அப்படியே நின்றிருந்தான். இத்தனை வெள்ளிக்கிழமைகளில் அவனை ஓடாமல், சிரிக்காமல், நின்ற படமாக அவள் பார்த்ததே இல்லை. ஒரு சிரிப்பை இறக்கிவைத்துவிட்டு அடுத்ததைத் தூக்குவதற்கு முன்னால் அந்த முகம் அகப்பட்டிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. கண் அவளைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. அவன் நன்றாக இல்லை. வேகமாக வந்த சிரிப்பையெல்லாம் நம்பிக்கொண்டு இத்தனை நாள் உட்கார்ந்திருந்தோமே என்றிருந்தது அவளுக்கு.

“கையெழுத்துப் போடாதீங்க. வூட்டுக்கு வந்துடுங்க” என்று டைப் அடித்து அனுப்பினாள்.

எழுத்துக்கு லைன் அதிகம் தேவைப்படாது. படம் நகர்வதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

“நெசமாவா? நீ கூப்புடவே மாட்டியோன்னு இருந்தேன்.”

படம் இன்னும் அப்படியேதான் நின்றது. இளமதி பட்டையைத் தொடவில்லை.