இடது காது கேட்ட திங்கட்கிழமை

முடிதிருத்தும் கடைக்காரரின் இடது காது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு மூன்று வருஷம் முந்திக்கொண்டு போய்விட்டது. வலி இல்லை, இரைச்சல் இல்லை. அவர் எங்கே நிற்கிறாரோ அந்த இடத்தில் மூன்று வருஷம் கழித்து அதே கிழமையில் என்ன பேசுவார்களோ அது இடது காதில் விழுந்தது. இன்றைய பேச்சு வலது காதோடு நின்றுகொண்டது. மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து, அழுக்கெடுத்து, சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். முதல் வாரம் கடையில் ஒரே குளறுபடி. நாற்காலியில் இருந்தவர், "ஓரம் மட்டும் எடுங்க" என்றார். மூன்று வருஷம் கழித்து அதே நாற்காலியில் உட்காரப்போகிற யாரோ, "ஒட்ட வெட்டிடுங்க, வெயில் தாங்கல" என்றார். கத்தரி இரண்டாமவர் பேச்சைக் கேட்டது. தலையைத் தடவிக்கொண்டே வெளியே போனவர் தெரு முழுக்கச் சொல்லி அவருக்குச் செவிடர் என்று பேர் வாங்கிக்கொடுத்தார். ஊரிலேயே அதிகம் கேட்ட மனிதருக்கு வந்த பேர் அது.

இதில் ஒரு பிழைப்பு இருப்பதைக் கண்டுபிடித்தவன் அவர் மனைவியின் தம்பி. கணினி பழுதுபார்க்கிறவன். "அத்தான், இணையத்துல ஒரு பேரை ஒருத்தர்தான் வெச்சுக்க முடியும். யார் முதல்ல கேக்கறாங்களோ அவங்களுக்கு. நாளைக்கு எல்லார் வாயிலயும் வரப்போற வார்த்தையை நாம இன்னைக்கே பதிஞ்சு வெச்சுட்டா, அந்தத் தொழில் பண்றவன் நம்மளைத் தேடித்தான வரணும்?" என்றான். அப்படி முதலில் பதிந்தது 'மின்டோலா'. இடது காதில் ஒருவர் அதை உருகி உருகிச் சொல்லக் கேட்டு, நான்கு விதமான எழுத்தில் வாங்கிப் போட்டார்கள். அடுத்த மாதம் அதே குரல், "மின்டோலா, குரைக்காத, உக்காரு!" என்று அதட்டியது. அன்றிலிருந்து செவிடர் ஒரு வார்த்தையை ஒருவர் சொன்னால் நம்புவதில்லை. ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் சொல்ல வேண்டும். சொல்லும்போது பக்கத்தில் இருப்பவர் 'அப்படின்னா என்ன?' என்று கேட்கக்கூடாது. காதால் கேட்கிறவன் பிழையில்லாமல் எழுதக்கூடிய வார்த்தையாக இருக்க வேண்டும். வேறொரு கம்பெனியின் பேராக இருந்தால் தொடக்கூடாது. கடையில் கேட்டதைப் பேருந்து நிறுத்தத்திலும் வங்கி வரிசையிலும் போய் நின்று சரிபார்த்தார். சும்மா நின்று தலையாட்டுகிற ஆளைக் காவலாளிகள் இரண்டு தடவை விசாரித்தார்கள். இப்படித்தான் 'பின்நடை' கிடைத்தது. முழங்கால் வலிக்குப் பின்பக்கமாக நடப்பது நல்லது என்று ஒரு கிழவர் சொன்னார், அதற்கேற்ற காற்சட்டை தைப்பதாக ஒரு தையல்காரர் சொன்னார், பின்நடை வகுப்புக்கு நேரமாச்சு என்று ஒரு தாய் பிள்ளையை விரட்டினாள். பதிந்து வைத்தார்கள். மூன்று வருஷத்தில் சனங்கள் பூங்காக்களில் பின்பக்கமாக நடந்து மின்கம்பங்களில் மோதிக்கொண்டார்கள். ஒரு செருப்புக் கம்பெனி வந்து பேரை வாங்கிக்கொண்டு போனது. கடைக்கு மூன்று புது நாற்காலிகள் வந்தன.

அதற்கடுத்த வருஷம் ஒரு திங்கட்கிழமை, அவர் வீட்டுச் சமையலறையில், இடது காதில் மனைவியின் குரல் நின்றுபோனது.

அவள் மூக்குக்கண்ணாடிக் கம்பெனிக்கு வில்லை தேய்த்துக் கொடுக்கிறவள். மெல்லப் பேசத் தெரியாது. முந்தின நாள் வரைக்கும் அவளுடைய இரண்டு குரல்களும் இரண்டு காதுகளிலும் கணீரென்று ஒலித்தன. திங்கட்கிழமை வலது காதில், "எண்ணெய் தீர்ந்துபோச்சு, கேக்குதா?" என்றாள். இடது காதில் பாத்திரம் உருளும் ஓசை, பிறகு அவருடைய குரல் மட்டும். கொஞ்சம் கம்மியிருந்தது. "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு நிறுத்தியது. "நீ இல்லாம வீடு ஒரு மாதிரியாத்தான் இருக்கு" என்றது. பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரலும் இல்லை, குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது. செத்துப்போனவள் படத்தோடு பேசுகிறேன், அப்புறம் நானும் போய்விடுகிறேன் என்று அவர் கணக்குப் போட்டார். அதற்கு மேல் கேட்கத் துணிவில்லாமல், வீட்டுக்குள் நுழையும்போதே இடது காதில் பஞ்சு அடைத்துக்கொண்டார்.

ஐந்து வாரம் அவளை மருத்துவமனை மருத்துவமனையாக இழுத்துக்கொண்டு அலைந்தார். இதயம், ரத்தம், சிறுநீரகம், பல். எல்லாம் நன்றாக இருந்ததுதான் அவரை இன்னும் குழப்பியது. நோயில்லை என்றால் விபத்தா? அவள் சாலையைக் கடக்கும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் செய்யாததைச் செய்ததால் அவளுக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது.

"உண்மையைச் சொல்லுங்க. யாரவ?" என்றாள் அவள், சமையலறை வாசலை மறித்து நின்று.

அவர் சொன்னார். அவள் அழவில்லை. அவர் காதிலிருந்த பஞ்சை இரண்டு விரலால் பிடுங்கி எறிந்தாள்.

"இப்பக் கேளுங்க. என்ன பேசிட்டிருக்கீங்க?"

"யாருமில்ல... இரு. 'மழை விட்டுச்சா'ங்கறேன்."

"அப்புறம்?"

"'சிக்னல் சரியில்ல, ஜன்னல் பக்கம் வா'ங்கறேன்."

"செத்தவகிட்டப் போய் எவனாவது சிக்னல் சரியில்லம்பானா?"

அவள் உள்ளே போய் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துவந்தாள். அவள் வேலை பார்க்கும் கம்பெனி துறைமுக நகரத்தில் பெரிய பட்டறை கட்டுகிறது, முடிய மூன்று வருஷம் ஆகும், முடிந்ததும் அவள் பொறுப்பாளராக வர வேண்டும் என்று இருந்தது. "முடியாதுன்னு எழுதி வெச்சிருந்தேன், இன்னும் போடல" என்றாள். "நீங்க தனியா என்ன பண்ணுவீங்கன்னு. பாத்திரத்தை உருட்டிச் சமைச்சுக்கறீங்கதான? வரேன்னு எழுதிடறேன்."

அவர் சொன்னதால் அவள் போகிறாளா, அவள் போவதால் அவருக்குக் கேட்டதா என்பது கடைசிவரை அவருக்கு விளங்கவில்லை. தான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எந்தக் குரல் கேட்டிருக்கும் என்று மைத்துனனிடம் கேட்டார். "அத்தான், எனக்குத் தலை சுத்துது, கடையைப் பாருங்க" என்றான் அவன். மூன்று வருஷம் அதுபாட்டுக்குப் போனது. பட்டறை கட்டி முடிந்து, காது சொன்ன கணக்குப்படி ஞாயிற்றுக்கிழமை அவள் ரயிலேறினாள். மறுநாள் சமையலறையில் காதில் தொலைபேசிக் கம்பியை மாட்டிக்கொண்டு அவளோடு பேசும்போது பாத்திரம் ஒன்று கை நழுவி உருண்டது. அந்த ஓசை அவருக்குத் தெரிந்த ஓசை. இதே இடத்தில் மூன்று வருஷத்துக்கு முந்தி ஒரு மனிதன் நடுங்கிக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்ததும் அவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் போலிருந்தது. அப்படி எதையும் அன்றைக்குக் கேட்டதாக ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாததைச் சொல்ல முடியுமா என்று குழம்பி நின்றார். ஒரு வாரம் பொறுத்து, அவன் பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கும் நாளில், எதற்கும் இருக்கட்டும் என்று, "பயப்படாதப்பா, அவ நல்லா இருக்கா" என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"யார்கிட்டப் பேசறீங்க?" என்றாள் அவள் தொலைபேசியில்.

"என்கிட்டத்தான்."

"சரி, ரொம்ப நேரம் பேசாதீங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளிடம் போனார். கப்பல் சங்கு கேட்கிற மூன்றாவது மாடி அறை. முதல் தடவை உள்ளே காலை வைத்ததுமே அவர் தலையைச் சாய்த்துக் கேட்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"என்ன கேக்குது?"

"சண்டை போட்டுக்கறோம். நான் என்னமோ ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன், அதைத் திருப்பிக் குடுன்னு கத்தற. அது பேரு என்னன்னே புரியல."

"நானா? சத்தமாவா?"

"பக்கத்து வீடு கதவைச் சாத்தற சத்தமும் கேக்குது."

"அப்ப சரி" என்று அவள் ஈரத் துணிகளை உதறிக் கொடியில் போட ஆரம்பித்தாள். அவரும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.