ஜன்னலில் பதினொரு கழுகுகள்

பறவை ஆய்வு நிலையத்தின் வரைபடப்படி, அந்தக் கோடையில் பதினொரு காட்டுக் கழுகுகள் புகைப்படக்காரர் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நாற்பத்திரண்டு நாட்கள் இறக்கை விரிக்காமல் உட்கார்ந்திருந்தன. இரண்டாம் மாடி வீடு. ஜன்னல் விளிம்பின் அகலம் ஒரு சாண்தான். ஒரு கழுகு உட்கார்ந்தாலே பால் பாத்திரம் வைக்க இடம் இருக்காது. ஆனாலும் செயற்கைக்கோள் பொய் சொல்லாது என்பது நிலையத்தாரின் கருத்து. அரசாங்கத்தின் கருத்தும் அதுவே.

புகைப்படக்காரர் முதலில் கல்யாணங்கள்தான் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்த படங்களைக் கணினியில் சுத்தம் செய்வது மனைவியின் வேலை. மணப்பெண்களின் பருக்களையும் மாப்பிள்ளைகளின் தொப்பையையும் பத்து வருடம் அழித்திருக்கிறாள். அவை நிஜத்திலும் காணாமல் போயினவா என்று அவள் யோசித்ததில்லை. போயிருந்தாலும் பரு போனதற்கு யார் வந்து புகார் சொல்லப்போகிறார்கள்? பிறகு அவளுடைய தம்பிக்கு ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்தது. கழுகுக் குஞ்சுகளைக் கூட்டிலிருந்து இறக்கி, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி, முதுகில் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டிரான்ஸ்மிட்டரை நாடா கொண்டு கட்டி, நாடாவின் முனைகளைத் தைத்து, பத்திரமாகத் திரும்ப வைப்பான். அவன் கையில் நகக் கீறல் இல்லாத இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், எந்தக் கழுகு எந்த ஆற்றைத் தாண்டியது, எது இன்னும் அம்மாவை விட்டு நகரவில்லை என்று சொந்தக்காரர் கதை மாதிரி சொல்லிக்கொண்டே போவான். கேட்டுக் கேட்டுப் புகைப்படக்காரருக்கும் கழுகுப் பைத்தியம் பிடித்துவிட்டது. கல்யாணங்களை உதறிவிட்டு மலை ஏறினார். முதல் வருடமே பாறையிலிருந்து சறுக்கி விழுந்து புருவத்தைக் கிழித்துக்கொண்டார். அப்புறமும் சாக்கைப் போர்த்திக்கொண்டு பாறை இடுக்கில் நாள் கணக்கில் கிடந்து எடுத்தார். நல்ல படங்கள், அதில் சந்தேகமே இல்லை.

நாட்காட்டி அச்சடிப்பவர்தான் மூக்கைச் சுளித்தார். “காட்டுக் கழுகு கேட்டா, பையை மாட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போற கழுகை எடுத்துட்டு வந்திருக்கீங்களே” என்றார். படம் வீட்டுக்குத் திரும்பியது. மனைவி சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு வளையத்தை அழித்தாள், முதுகுப் பெட்டியை அழித்தாள், கம்பி போல நீட்டிக்கொண்டிருந்த ஆண்டெனாவையும் அழித்தாள். மறுநாள் காலையில் துணி அலமாரியில், மடித்து வைத்த இரண்டு போர்வைகளுக்கு நடுவே, வளையமும் கருவியும் இளஞ்சூட்டோடு கிடந்தன. நாடாவில் ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது. தம்பி மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பான் என்று நினைத்தாள். மூன்றாவது தடவை அப்படி நினைக்க முடியவில்லை. புகைப்படக்காரர் மலைக்குப் போய்த் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு வந்து, அந்தக் கழுகின் முதுகு வெறுமையாக இருக்கிறது என்றார்.

“பாவம்ங்க, சுமை இல்லாம பறக்கட்டுமே” என்றாள் மனைவி. “தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மனசு ஒடிஞ்சு போயிடுவான்.”

நாட்காட்டிக்கு மேலும் எட்டுப் படங்கள் வேண்டியிருந்தன. அவள் அழித்தாள். சூரிய வெளிச்சம் படாவிட்டால் இந்தக் கருவிகள் செத்துவிடும் என்று தம்பி சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவன் பாடுபட்டுத் தைத்தவை வீணாகப் போகக் கூடாது என்று பதினொன்றையும் சமையலறை ஜன்னலில் வரிசையாக வெயில் படும்படி வைத்தாள். குற்றவாளிகள் இப்படிச் செய்யமாட்டார்கள். அக்காக்கள் செய்வார்கள்.

தம்பி வரைபடத்தைப் பார்த்ததும் முதலில் இயந்திரத்தைத்தான் சந்தேகப்பட்டான். அணைத்துப் போட்டுப் பார்த்தான். அந்த ஜன்னலை அவனுக்கு நன்றாகத் தெரியும். அதன் கொக்கி உடைந்தபோது மாற்றிக் கொடுத்ததே அவன்தான். ஒன்பது நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. பத்தாம் நாள் அவனே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டான். இரண்டு அதிகாரிகளோடு வந்து கதவைத் தட்டினான். ஜன்னலுக்கு முன்னால் நின்றபடி, “மாமா, கொன்னதுதான் கொன்னீங்க, இதையெல்லாம் எதுக்கு வெயில்ல வச்சீங்க?” என்று கேட்டான். புகைப்படக்காரர் மனைவியை ஒரு தடவை பார்த்தார். “நான்தான் வச்சேன். வேற யாருக்கும் எதுவும் தெரியாது” என்றார். அந்தப் பதிலை எழுதி வாங்கிக்கொண்டார்கள். கணினியையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வழக்கு மூன்று மாதம் நடந்தது. நாடாக்களில் ஒரு தையல்கூட அறுபடவில்லை என்று தம்பி உள்ளதை உள்ளபடி சாட்சி சொன்னான். அறுக்காமல் கழற்ற முடியுமா என்று கேட்டதற்கு, முடியாது, இறக்கை தடுக்கும் என்றான். அப்படியென்றால் இறக்கையை வெட்டித்தான் கழற்றியிருக்க வேண்டும் என்று அரசு வக்கீல் முடித்துக்கொண்டார். அந்த வருடம் மலையடிவாரத்தில் விஷம் தின்று செத்த மூன்று கழுகுகள் வளையம் இல்லாமல் கிடைத்திருந்தன. கருவி இருந்திருந்தால் அவை கீழே விழுந்த அன்றே நிலையத்தார் ஓடிப்போய்க் காப்பாற்றியிருப்பார்களாம். மனைவி அதை அப்போதுதான் முதல் முறையாகக் கேள்விப்பட்டாள். சுமை, சுமை என்று தான் நினைத்தது இதைத்தானா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். புகைப்படக்காரருக்காக வைத்திருந்த வக்கீல் நாட்காட்டிப் படங்களைக் காட்டி, கழுகுகள் உயிரோடு பறப்பதைப் பாருங்கள் என்றார். நீதிபதி படத்தைத் தம்பியிடம் நீட்டச் சொன்னார்.

“இது நீங்க பதினேழாம் நம்பர் வளையம் மாட்டின கழுகுதான்னு உங்களால சொல்ல முடியுமா?”

“வளையம் இல்லாம எப்படிங்க சொல்றது? அதுக்குத்தானே வளையமே போடுறோம்” என்றான் தம்பி. சொல்லும்போது அக்கா பக்கம் திரும்பவில்லை.

மனைவி எழுந்து நின்று, அழித்தது தான்தான், ஒரு கணினி கொடுத்தால் இங்கேயே செய்து காட்டுகிறேன் என்றாள். நீதிமன்றம் வித்தை காட்டும் இடமில்லை, உட்காருங்கம்மா என்று நீதிபதி தன்மையாகவே சொன்னார். வழக்குக் குறிப்பில், மனைவி உணர்ச்சிவசப்பட்டார் என்று மட்டும் இருக்கிறது. தீர்ப்பு ஏழு வருடம்.

சிறையில் அவரைச் சாலை போடும் வேலைக்கு அனுப்பினார்கள். வெளிவேலைக்குப் போகும் கைதிகளின் கணுக்காலில், எங்கே இருக்கிறார்கள் என்று சமிக்ஞை அனுப்பும் வளையம் ஒன்றை மாட்டுவது அங்கே வழக்கம். அவருக்கு நானூற்றுப் பன்னிரண்டாம் எண். மனைவி மாதம் ஒருமுறை போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாள். தார்ப்புகை நெஞ்சில் இறங்கி, இரண்டாம் வருடம் இருமல் வந்தது. மூன்றாம் வருடம் இருமலில் ரத்தம் வந்தது. தம்பி பல தடவை வீட்டுக் கதவு வரை வந்து திரும்பிப் போனான். உள்ளே இருப்பது தெரிந்தும் அவள் திறக்கவில்லை. நான்காம் வருடம் சிறை மருத்துவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “ஏழு வருஷமெல்லாம் தாங்காதும்மா. மனசைத் தேத்திக்குங்க” என்றார். அந்த வாரமே தபாலில் படம் வந்தது. கைதி உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாக வருடம் ஒரு படம் குடும்பத்துக்கு அனுப்புவார்கள். சட்டையில் எண், காலில் வளையம், கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது.

இனி எந்தப் படத்தையும் தொடுவதில்லை என்று அவள் எடுத்த சபதம் நான்கு வருடம் நின்றது. பழைய கணினி ஒன்றை இரவல் வாங்கி, படத்தை அதில் ஏற்றினாள். வளையத்தை அழித்தாள். எண்ணை அழித்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பத்து வருடம் பழகிய கை; ஒரு முகம் முன்னால் இருந்தால் அதைச் சுத்தம் செய்யாமல் அதற்கு விடத் தெரியாது. கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை எடுத்தது, ஒட்டிய கன்னத்தை நிரப்பியது, காதோர மச்சத்தையும் புருவத் தழும்பையும் எடுத்தது, விரல்களில் தார் பட்டு வெடித்த வெடிப்புகளை மழமழவென்று தேய்த்துவிட்டது. முடித்துவிட்டுப் பார்த்தாள். படம் மிக நன்றாக இருந்தது. அதிலிருந்தவர் யாரோ ஒருவர் போல இருந்தார்.

காலையில் போர்வைகளுக்கு நடுவே கணுக்கால் வளையம் கிடந்தது. சிறைக்காவலர்கள் சமிக்ஞையைத் தொடர்ந்து வந்து கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினார்கள். வளையத்தை எடுத்துக்கொண்டு, ஆளைக் காணவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். சிறையில் இருந்த சிக்கல் வேறு. அங்கே நானூற்றுப் பன்னிரண்டு இல்லை. ஆனால் தட்டேந்தி நிற்கும் வரிசையில் எண் இல்லாத ஒருவர் கூடுதலாக இருந்தார். எண் இல்லாதவருக்குச் சாப்பாடு போட விதியில் இடமில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரை வாசலுக்கு வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். அவர் ஐந்து நாள் நடந்தார்.

கதவைத் திறந்த மனைவி, “யாரு?” என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. “நான்தான்” என்றார் வந்தவர். அதை யாரும் சொல்லலாம். அவருக்கு இருமல் இல்லை.

செய்தி பரவி அதிகாரிகள் வந்தார்கள். விரலில் மை தடவி ஒற்றி எடுத்தார்கள். தாளில் பத்துக் கறுப்பு வட்டங்கள்தான் விழுந்தன, ஒரு ரேகை இல்லை. கடைசியில் தம்பியைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். அவன் வந்தவரின் புருவத்தைப் பார்த்தான், காதோரம் பார்த்தான், கைகளைத் திருப்பிப் பார்த்தான். இவர்தானா என்று கேட்டார்கள். “அடையாளம் ஒண்ணும் இல்லாம எப்படிங்க சொல்றது?” என்றான். அதிகாரிகள் கோப்பை மூடினார்கள். அவர்கள் படியிறங்கும்வரை பொறுத்திருந்து மனைவி தம்பியைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

“காப்பாத்தணும்னுதானேடா அப்படிச் சொன்ன? உனக்குத் தெரியும்தானே?”

“இல்லக்கா” என்றான் அவன். நான்கு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் நின்று அழுதான். “சத்தியமா எனக்குத் தெரியலக்கா.”

அதற்குப் பிறகு எட்டு வருடங்கள் ஆகின்றன. வந்தவர் அங்கேயேதான் இருக்கிறார். மலை ஞாபகம் இருக்கிறதா என்றால் யோசித்துவிட்டு இல்லை என்பார். பாறையிலிருந்து விழுந்ததும் அவருக்குத் தெரியாது. கேமராவைக் கையில் கொடுத்தால் அடுத்தவர் குழந்தையை வாங்குவது போல வாங்கி, உடனே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஆரம்பத்தில் மனைவி ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தாள். அவர் தண்ணீரை அண்ணாந்து குடித்தார், அது பழையபடிதான். செருப்பை வாசலின் இடது பக்கம் விட்டார், அது பழையபடி இல்லை. இரண்டு வருடத்தில் சோதிப்பதை விட்டுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போதும் கூப்பிடுவதில்லை. சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு, “என்னங்க” என்கிறாள். அவர் திரும்பிப் பார்த்து, எழுந்து வந்து சாப்பிட உட்காருகிறார்.