தலையணையில் கிடந்த ரிவர்ஸ் கியர்

டிரைவிங் ஸ்கூல் டீச்சரின் இடது காதிலிருந்து எள்ளளவு துப்புரவாளர்கள் வரிசையாக இறங்கி, தலையணையில் ஒரு கரண்டி குப்பையைக் கொட்டிவிட்டு, வந்த வழியே மறுபடி காதுக்குள் ஏறிப் போனார்கள். டீ டம்ளரோடு நின்ற அவருடைய கணவர் இதைக் கண்ணால் பார்த்தார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் டீச்சர். கணவர் ஒரு பெரிய ஆபீசில் துப்புரவு மேஸ்திரி. துடைத்து முடித்த தரையில் வெள்ளைக் கைக்குட்டையை இழுத்துப் பார்ப்பார். ஒரு கீற்று அழுக்கு ஒட்டினாலும் ஆட்கள் முழுத் தரையையும் திரும்பத் துடைக்க வேண்டும். அப்பேர்ப்பட்ட மனிதர்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். ஆச்சரியப்படவே இல்லை. "இவங்க, எல்லார் தலைக்குள்ளயும் இருக்கற செல்லுங்கதான். மூளைக்குக் காவலும் இவங்க, துப்புரவும் இவங்க. டீச்சர் தலையில அள்ள முடியாத கறை சேர்ந்திருக்கு. அல்சைமர்," என்றார்.

அள்ள முடியாத கறை என்று ஒன்று உண்டென்பதை மேஸ்திரி ஒத்துக்கொள்வாரா? தினமும் காலையில் கைக்குட்டை நுனியைக் காதோரம் ஒற்றிப் பார்ப்பார். சாம்பல் நிறம் ஒட்டும். "மூலையில இன்னும் இருக்குப்பா. இன்னொரு தடவை போங்க," என்பார். போனார்கள். கறை பெயரவில்லை. மறுபடி ஏவினார். மாதக்கணக்கில் இதே கூத்து. சின்னதுகளுக்கு ஆத்திரம் மூண்டது. அது அழற்சியாகி, டீச்சர் நெற்றியில் போட்ட ஈரத்துணி போட்டவுடன் காய்ந்தது. பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் வாரி வெளியே எறிய ஆரம்பித்தார்கள். ஒரு நாள் தலையணையில் ரிவர்ஸ் கியர் கிடந்தது. அன்று டீச்சர் வண்டியை ஒரு முட்டுச்சந்தில் நிறுத்திவிட்டுப் பின்னால் எடுக்கத் தெரியாமல் மதியம் வரை உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் மகளின் பெயர் வந்து விழுந்தது, சூடு ஆறாமல். "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று பெற்ற மகளையே கேட்டார்.

மகள் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதான்ப்பா. விரட்டி விரட்டி வேலை வாங்கினீங்களே."

மேஸ்திரி டாக்டரிடம் ஓடினார். "அவங்களைத் துரத்திடலாமா சார்?"

"துரத்தினா குப்பை மூடிடும். விட்டா நல்லதையும் வாரிடுவாங்க. நீங்க ஏவலேன்னாலும் இது நடந்திருக்கும்."

கடைசியில் சொன்னதை மேஸ்திரி நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, மனைவியின் காதருகே வாயை வைத்து, "போதும்ப்பா, சுத்தமா இருக்கு. அவ தலைக்குள்ள இருக்கற என்னை மட்டும் விட்டுடுங்க," என்று கெஞ்சினார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரிடமும் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லாத வாய் அது. ஆத்திரக்காரர்கள் காதில் எது ஏறும்?

மறுநாள் காலை தலையணையில் கட்டைவிரல் உயரத்தில் ஓர் இளைஞன் கிடந்தான். அரும்பு மீசை, வியர்த்த சட்டை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். மேஸ்திரி குனிந்து பார்த்தார். அது அவரேதான். டீச்சரிடம் வண்டி பழக வந்து, முதல் நாளே காம்பவுண்டு சுவரில் உரசி, அவரைச் சிரிக்க வைத்த அன்றைய மேஸ்திரி. அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்!

டீச்சர் கண் விழித்தார். "யாருங்க நீங்க? வண்டி கத்துக்க வந்தீங்களா?"

"ஆமாங்க டீச்சர்."

"இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்கீங்களா?"

"இல்லீங்க. இன்னைக்குத்தான் முதல் தடவை."

அன்றிலிருந்து தினமும் காலையில் தலைவாரிச் சட்டை மாற்றிக்கொண்டு புது ஆளாக வந்து நிற்கிறார். வாசலில் நிற்கும் காரில் பாடம் நடக்கிறது. சாவி மகளிடம் இருப்பதால் வண்டி நகராது. "பயப்படாதீங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்," என்கிறார் டீச்சர். தலையணையில் கிடந்த அந்தச் சின்ன ஆளைப் பின்சீட்டில் உட்கார வைக்கிறார்கள். வெயில் ஏறினால் மகள் வந்து அவன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிடுகிறாள்.